கடைசி ரெண்டு கிலோமீட்டர்

மக்களே, நாம பொட்டி தட்டுற பொழப்புல இருக்கோம்னு தெரிஞ்சாலே போதும், சொந்தக்காரங்க கல்யாணப் பந்தியில சாம்பார் வர்றதுக்குள்ள ஒரு கேள்வி வந்துடும். "தம்பி, வீட்டுக்கு எந்த நெட் போடலாம்? எது நல்ல ஸ்பீடு?" நெட்வொர்க்கிங்ல இருபத்தஞ்சு வருஷமா குப்பை கொட்டுறேன். இன்னிக்கு வரைக்கும் நான் சொல்ற பதில் ஒண்ணுதான்: "உங்க தெருவுக்கு யாரோட கம்பி வருது? முதல்ல அதைப் பார்த்துச் சொல்லுங்க."

கேட்டவங்களுக்குக் கொஞ்சம் கடுப்பாகும். ஆனா நம்ம ஊர் வீட்டு இணையத்தோட வரலாறே இந்த ஒத்தைக் கேள்விக்குள்ளதான் இருக்கு. எக்ஸ்சேஞ்சிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் வர்ற கடைசி ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குக் கம்பி யாரோடது, அதுல யாரெல்லாம் வியாபாரம் பண்ணலாம், எதை எண்ணிக் காசு வாங்கலாம்... இதெல்லாம் முடிவான பிறகுதான் ஸ்பீடு வருது. கொஞ்சம் கொசுவத்தி சுத்தப் போறேன். நீளமான பதிவு, காபி எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

ரெண்டே ரெண்டு செம்புக் கம்பி

இந்தியாவுல இணையம் முதல்ல வந்தது வீடுகளுக்கு இல்லை. 1986-ல எர்னெட் திட்டம் ஆரம்பிச்சப்போ அதுல இருந்தது ஐஐடிகள், பெங்களூர் அறிவியல் கழகம், பம்பாய் என்.சி.எஸ்.டி மாதிரி சில நிறுவனங்கள்தான். நம்ம கிண்டி ஐஐடியும் அதுல ஒண்ணு. பொதுமக்களுக்குன்னு கதவு திறந்தது 1995 ஆகஸ்ட் 15-ம் தேதி. விஎஸ்என்எல் நாலு பெருநகரங்கள்ல சேவையைத் தொடங்குச்சு. அதுல நம்ம ஊரும் உண்டு, அப்போ பேர் இன்னும் மெட்ராஸ்தான். சென்னைன்னு மாறுனது அடுத்த வருஷம்.

மாணவர்களுக்கு மலிவா "ஷெல்" கணக்கு கொடுத்தாங்க. படம் கிடையாது, வெறும் எழுத்து மட்டும். கறுப்புத் திரையில இணையம் பார்த்த தலைமுறை அது. படம் தெரியற கணக்குக்கு ஆயிரக்கணக்குல காசு, அதுவும் மணிக்கணக்கு போட்டு.

1998 நவம்பர்ல தனியார் நிறுவனங்களும் இணைய சேவை தரலாம்னு கொள்கை வந்தது. அப்புறம் கடையில சோப்பு வாங்குற மாதிரி 25 மணி நேரம், 100 மணி நேரம்னு அட்டை வாங்க ஆரம்பிச்சோம். போட்டி வந்தாச்சு, விலை சரிஞ்சாச்சு. ஆனா ஒரு விஷயம் மட்டும் மாறவே இல்லை. எந்தக் கம்பெனி அட்டையை வாங்கினாலும், அதைத் தொடுறதுக்கு நம்பர் சுத்தறது அரசாங்கத்தோட அந்த ரெண்டு செம்புக் கம்பி வழியாத்தான். அட்டைக்குத் தனிக் காசு, போன் பில்லுல பல்ஸுக்குத் தனிக் காசு. இணையக் கம்பெனி பத்து வந்தாலும் வாசல் ஒண்ணுதான்.

அந்த மோடம் போடுற சத்தம் ஞாபகம் இருக்கா? கீங்... கர்ர்ர்... ட்டொய்ங் ட்டொய்ங்... அதை ஏதோ மிஷின் அழுகைன்னு நெனச்சிருப்போம். உண்மையில அது ரெண்டு மோடமும் பேரம் பேசுற சத்தம். "உன் பக்கம் லைன் எப்படி இருக்கு, எதிரொலி எவ்வளவு, எந்த வேகத்துல பேசலாம்"னு கேட்டுக் கேட்டு முடிவு பண்ணிக்கும். போன் கம்பி மனுஷக் குரலுக்காகப் போட்டது. எக்ஸ்சேஞ்ச் சுமார் 300-லிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் உள்ள விடும். அந்தக் குறுகலான சந்துக்குள்ள தரவை நுழைக்கிற வித்தைதான் மோடம்.

வழக்கமான முறையில 33.6 கேபிபிஎஸ்தான் உச்சம். 1998-ல வந்த வி.90 தரம் அதை 56 ஆக்குச்சு, அதுவும் எப்படி? சேவை தர்றவங்க பக்கம் முழுக்க டிஜிட்டல் இணைப்பா இருந்து, நம்ம வீட்டுப் பக்கம் மட்டும் ஒரே ஒரு தடவை அனலாக்கா மாறுனாத்தான். நடுவுல இன்னொரு மாற்றம் வந்துட்டா 56 கனவு அவ்ளோதான். அதனால தி.நகர்ல இருந்த நண்பனுக்கு 50-ல கனெக்ட் ஆகும், பக்கத்துத் தெருவுல எனக்கு 31.2. ஒரே மோடம், ஒரே அட்டை. வித்தியாசம் கம்பி போற வழியில.

நல்ல நாள்ல விநாடிக்கு 5 கேபி வரும். 5 எம்பி பாட்டு ஒண்ணு இறங்க பதினேழு நிமிஷம். பதினாறாவது நிமிஷத்துல பாட்டி ஹால்ல பேரலல் போனை எடுத்து "அலோ"ன்னா முடிஞ்சது கதை.

அந்தக் கம்பிக்குள்ள ஒளிஞ்சிருந்த ரகசியம்

இப்போ வேடிக்கை என்னன்னா, அதே செம்புக் கம்பி மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் தாங்கும். குரலுக்கு வேணுங்கிறது கீழே 4 கிலோஹெர்ட்ஸ் மட்டும். மேல இருக்கிற இடமெல்லாம் நூறு வருஷமா சும்மாவே கிடந்தது. அதைப் பயன்படுத்துறதுதான் டிஎஸ்எல். 1980-களோட கடைசியில அமெரிக்காவுல பெல்கோர் ஆய்வகத்துல ஜோசப் லெக்லைடர் ஒரு விஷயத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரே கட்டா நூத்துக்கணக்கான கம்பிகள் எக்ஸ்சேஞ்சுக்குள்ள போகும்போது ஒண்ணோட சத்தம் இன்னொண்ணுல கசியும். வீட்டுக்கு வர்ற திசையில அதிக வேகமும் வீட்டிலிருந்து போற திசையில குறைஞ்ச வேகமும் வெச்சா இந்தக் கசிவைச் சமாளிச்சுடலாம். ஏடிஎஸ்எல்ல இருக்கிற முதல் எழுத்து "ஏ"வுக்கு அர்த்தமே இந்தச் சமச்சீரின்மைதான். அப்போ அவங்க மனசுல இருந்த பயன், போன் கம்பி வழியா வீட்டுக்கு சினிமா அனுப்புறது. இணையம் வந்து அதை எடுத்துக்கிச்சு. நம்ம வீடுகள்ல அப்லோடு மட்டும் ஏன் ஆமை வேகம்னு பல வருஷம் திட்டிட்டு இருந்தோமே, அதுக்குக் காரணம் இங்க இருக்கு.

சாதாரண ஏடிஎஸ்எல் 1.1 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகும். ஆனா அதிர்வெண் கூடக்கூட கம்பியில சக்தி சீக்கிரம் கரையும். எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்துல இருக்கிறவனுக்கு ராஜபோகம். நாலு அஞ்சு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவனுக்கு மோடம் விளக்கு மினுக்கிக்கிட்டே இருக்கும், நிலைக்கவே நிலைக்காது. பூகோளம்தான் விதி.

2004: திறக்காமப் போன கதவு

இந்த வரலாற்றுல எனக்கு ரொம்ப முக்கியமாப் படுற வருஷம் 2004. அந்த ஏப்ரல்ல டிராய் ஒரு பரிந்துரை கொடுத்தது. அரசுத் தொலைபேசி நிறுவனங்கள் வெச்சிருக்கிற செம்புக் கம்பியை மத்த இணைய நிறுவனங்களும் வாடகைக்கு எடுத்து டிஎஸ்எல் சேவை தரலாம், அதுக்கு வழி பண்ணுங்கன்னு. அதாவது கம்பி உன்னோடது, வாடகை வாங்கிக்கோ, ஆனா வாசலை மறிக்காதே.

அக்டோபர்ல அகன்ற அலைவரிசைக் கொள்கை 2004 வந்தது. அதுல இந்தக் கட்டாயம் இல்லை. விருப்பப்பட்டா வணிக ஒப்பந்தம் போட்டுக்கலாம்னு விட்டுட்டாங்க. யாருக்கு விருப்பம் வரும்?

நியாயமா இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். பிஎஸ்என்எல் தரப்போட வாதம் லேசானது இல்லை. மக்கள் பணத்துல, லாபமே வராத கிராமம் வரைக்கும் குழி தோண்டிக் கம்பி போட்டது அவங்க. தனியார்கிட்ட திறந்துவிட்டா அவங்க அண்ணா நகரையும் அடையாறையும் எடுத்துக்குவாங்க, அரியலூர்ப் பக்கத்துக் குக்கிராமத்தை எடுக்க மாட்டாங்க. கொழுத்த வாடிக்கையாளர் அங்க போயிட்டா கிராமத்துக் கம்பியை யார் பராமரிக்கிறது? ஊழியர் சங்கங்கள் இதைக் கடுமையா எதிர்த்ததுக்குக் காரணம் இருக்கு.

மத்த நாடுகள்ல என்ன நடந்தது? பிரான்ஸ்ல திறந்துவிட்ட கம்பிகள் மேல ஏறித்தான் ஃப்ரீங்கிற கம்பெனி 2002-ல 29.99 யூரோவுக்கு இணைப்பு கொடுத்து மொத்தச் சந்தையையும் கீழே இழுத்துச்சு. பிரிட்டன்ல 2006-ல பிடி நிறுவனத்துக்குள்ளயே கம்பியைப் பார்த்துக்க ஓபன்ரீச்னு தனிப் பிரிவே உருவாச்சு, எல்லாருக்கும் ஒரே வாடகைங்கிறதுக்காக. அமெரிக்கா 1996-ல கதவைத் திறந்து, 2003-ல டிஎஸ்எல்லைப் பொறுத்தவரை பாதியை மூடிடுச்சு. ஆளுக்கொரு வழி. நாம திறக்கவே இல்லை.

அந்தக் கொள்கையில 2005 முடிவுல 30 லட்சம், 2007-ல 90 லட்சம், 2010-ல 2 கோடி அகன்ற அலைவரிசை இணைப்புகள்னு இலக்கு வெச்சாங்க. 2010 முடிவுல நிஜ எண்ணிக்கை ஒரு கோடியைச் சற்றே தாண்டி நின்னது. இலக்குல பாதி கொஞ்சம் மேல. அதே காலத்துல நாட்டுல தரைவழி போன் இணைப்புகள் நாலு கோடிக்குப் பக்கத்துல தொட்டுட்டுக் குறைய ஆரம்பிச்சிருந்தது. கம்பி இருந்த வீடுகளுக்கே முழுசாப் போகலைங்கிறதுதான் அந்தக் கணக்கோட அர்த்தம். எல்லாம் கதவு திறக்காததாலன்னு நான் சொல்ல மாட்டேன். கம்பியோட தரம், கம்ப்யூட்டர் விலை எல்லாமே சேர்ந்ததுதான். ஆனா கதவும் ஒரு காரணம்.

மொட்டை மாடி வழி

வாசல் மூடியிருந்தா நம்ம ஊர்க்காரன் என்ன பண்ணுவான்? மொட்டை மாடி வழியா வருவான். 2000-களோட ஆரம்பத்துல சென்னையில எங்க தெருவுக்கு முதல் "பிராட்பேண்ட்" அப்படித்தான் வந்தது. கொண்டு வந்தவர் எங்க ஏரியா கேபிள் டிவி அண்ணன்.

ஒரு சைக்கிள், தோள்ல நீல நிற நெட்வொர்க் கேபிள் சுருள், இடுப்புல கிரிம்பிங் டூல். ஒரு வீட்டு மாடியிலிருந்து அடுத்த வீட்டு மாடிக்குக் கம்பி. தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல ஒரு தகரப் பெட்டி, அதுக்குள்ள எட்டு போர்ட் ஸ்விட்ச். கரண்டு யார் வீட்டு மாடியோ அவங்களோடது, பதிலுக்கு அவங்களுக்கு இணைப்பு இலவசம். நெட்வொர்க் கேபிள் நூறு மீட்டருக்கு மேல ஒழுங்காப் போகாதுங்கிறதால நாலு வீட்டுக்கு ஒரு தகரப் பெட்டி. தெருவே ஒரு பெரிய ஆபீஸ் லேன் மாதிரி ஆயிடுச்சு. "நெட்வொர்க் நெய்பர்ஹுட்"னு விண்டோஸ்ல திறந்தா நிஜமாவே அக்கம்பக்கம்தான் தெரியும். மூணாவது வீட்டுப் பையனோட பாட்டு ஃபோல்டர், எதிர்வீட்டு ஆடிட்டரோட பிரிண்டர்... பாதுகாப்பு பத்தி ஆபீஸ்ல பாடம் எடுக்கிற எனக்கு அதைப் பார்த்துத் தலை சுத்துச்சு.

அந்த அமைப்புக்கு எதிரிகள் நாலு பேர். காக்கா, மாஞ்சாக் கயிறு, மழை, இடி. ஒரு நல்ல இடி இடிச்சா தெருவுல பாதி வீட்டு லேன் கார்டு அவுட். நவம்பர் மாசம் ரிச்சி ஸ்ட்ரீட்ல லேன் கார்டு வியாபாரம் நல்லா ஓடும்னு கடைக்காரரே சொல்வார். எனக்கு மட்டும் ரெண்டு கார்டு போச்சு.

அண்ணனுக்குப் போன் பண்ணினா, "சார், மழை விட்டதும் ஏறிப் பார்க்கிறேன் சார்"ம்பார். சொன்ன மாதிரியே ஏறுவார். இருட்டுல, வழுக்குற பாசி மேல, டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு. கால்சென்டர், டிக்கெட் நம்பர் ஒண்ணும் கிடையாது. சிஸ்கோ சர்டிஃபிகேட் வெச்சிருந்த நான் கீழே நின்னு குடை பிடிச்சேன், அவர் மேல ஸ்விட்சை மாத்தினார்.

கம்பியைத் தாண்டிக் குதிக்கிற இன்னொரு முயற்சி நம்ம ஐஐடியிலேயே நடந்தது. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவோட டெனெட் குழுவும் மிடாஸ் நிறுவனமும் சேர்ந்து கார்டெக்ட்னு ஒரு கம்பியில்லா தொழில்நுட்பத்தை உருவாக்கினாங்க. கம்பி புதைக்கிற செலவுதான் இந்தியாவுல போன் விலையைத் தூக்குது, அதை வெட்டினாத்தான் வழி பிறக்கும்கிறது அவரோட வாதம். போன் பேசிக்கிட்டே 35 கேபிபிஎஸ் இணையம், பேசாதப்போ 70. 2001 வாக்குல மதுரைப் பக்கம் மேலூர் கிராமங்கள்ல இதை வெச்சு இணைய மையங்கள் வந்தது. 70 கேபிபிஎஸ் இன்னிக்குச் சிரிப்பா இருக்கலாம். சென்னையில நான் 31.2-ல உருட்டிட்டு இருந்த அதே காலத்துல மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்து மையத்துல அது கிடைச்சதுங்கிறதை யோசிச்சுப் பாருங்க.

எம்பி எண்ணிய காலம்

2005 ஜனவரியில பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்தது. 256 கேபிபிஎஸ். கொள்கையில பிராட்பேண்டுக்கு வெச்ச குறைஞ்சபட்ச அளவும் அதேதான். வெள்ளை மோடம், ஒரு ஸ்ப்ளிட்டர், ஒரு சிடி. 192.168.1.1-க்குப் போய் விபிஐ 0, விசிஐ 35-னு போட்ட கைகள் இங்க எத்தனை பேர்? அந்த ரெண்டு நம்பரை தங்கமணி பிறந்தநாளை விட நல்லா ஞாபகம் வெச்சிருந்தேன். (இதை அவங்க படிக்க மாட்டாங்கங்கிற தைரியம்தான். ஹி ஹி.)

பெரிய மாற்றம் ஸ்பீடு இல்லை. போன் எங்கேஜ் ஆகாம நெட் எப்பவும் இருந்ததுதான் மாற்றம். கடிகாரத்தைப் பார்க்கிறது நின்னுச்சு. அதுக்குப் பதிலா எம்பி எண்ண ஆரம்பிச்சோம். குறைஞ்ச விலைத் திட்டங்கள்ல மாசத்துக்கு இவ்வளவுதான்னு ஒரு வரம்பு, தாண்டினா எம்பிக்கு இவ்வளவுன்னு காசு. 256-ங்கிறது விநாடிக்கு 32 கேபி. 700 எம்பி லினக்ஸ் சிடி ஒண்ணு இறக்க ஆறே கால் மணி நேரம், அதோட மாசக் கோட்டாவே காலி. உபுண்டுக்காரங்க ஷிப்இட்னு திட்டம் வெச்சு இலவசமா சிடியைத் தபால்ல அனுப்பினது நம்மளை மாதிரி ஆளுங்களுக்காகத்தான். தபால்காரர் சைக்கிள் என் மோடத்தை விட வேகம்.

2007 ஜனவரியில இணைப்பு வேகத்தை 2 எம்பிபிஎஸ் ஆக்கினாங்க. வேகம் எட்டு மடங்கு, வரம்பு அப்படியே. குழாயைப் பெருசாக்கிட்டு வாளியை அதே அளவுல வெச்ச கதை. இதுக்கு மருந்தா இருந்தது இரவு அன்லிமிடெட் திட்டம். ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரைக்கும் எவ்வளவு வேணும்னாலும் இறக்கலாம். ஆறு மணி நேரத்துல 5 ஜிபி. ஒரு தலைமுறையே ரெண்டு மணிக்கு அலாரம் வெச்சு எழுந்து டவுன்லோடு போட்டுட்டுத் தூங்கினது. அப்புறம் ஷெட்யூலர் வந்து புண்ணியம் கட்டிக்கிச்சு.

கம்பி வெச்சிருக்கிறவன் எதை எண்ணுறானோ அதுக்கேத்த மாதிரி நம்ம பழக்கம் மாறுது. மணியை எண்ணினா ஆஃப்லைன்ல படிச்சோம். எம்பியை எண்ணினா படத்தை அணைச்சு வெச்சோம். நேரத்தைப் பிரிச்சு எண்ணினா தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டோம்.

கும்பகோணம் பக்கத்துல எங்க அத்தை வீடு. பையன் சிங்கப்பூர் போன வருஷம், அவனை முகம் பார்த்துப் பேசணும்னு அத்தைக்கு ஆசை. பிராட்பேண்ட் கேட்டு எழுதிக் கொடுத்து, லைன்மேன் வந்து மோடமும் வெச்சார். விளக்கு மினுக்குது, நிக்குது, மறுபடி மினுக்குது. மோடம் பக்கத்தைத் திறந்து பார்த்தா சிக்னல் தேய்மானம் 60 டெசிபலுக்கு மேல. லைன்மேன் நல்ல மனுஷர். கம்பத்துக்குக் கம்பம் ஏறி எல்லா ஜாயின்டையும் புதுசா முறுக்கிப் பார்த்தார். கடைசியில இறங்கி வந்து, "அம்மா, எக்ஸ்சேஞ்ச் இங்கேர்ந்து அஞ்சரை கிலோமீட்டர். இதுக்கு மேல நான் இழுத்துப் பக்கத்துல வைக்க முடியாதும்மா"ன்னார். அத்தை மோர் கொடுத்து அனுப்பினாங்க. மோடத்தையும் திருப்பிக் கொடுத்தாச்சு. அத்தை தன் பேத்தியைத் திரையில முதல் தடவை பார்த்தப்போ அவ ரெண்டாம் வகுப்பு. அது 2016 செப்டம்பர்ல ஜியோ வந்து, ஊருக்கு 4ஜி டவர் வந்த பிறகு, போன்ல. கம்பி வழியா அந்த வீட்டுக்கு இணையம் வரவே இல்லை.

டப்பா நம்மளோடது... ஆனா?

கம்பிதான் அவங்களோடது, வீட்டுக்குள்ள ராஜ்ஜியம் நம்மளோடதுன்னு ஒரு காலம் இருந்தது. 2002 கடைசியில லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜின்னு ஒரு நீல-கறுப்பு ரவுட்டர் விட்டாங்க. அதுக்குள்ள ஓடுறது லினக்ஸ்னு 2003-ல ஆளுங்க கண்டுபிடிச்சு, உரிமப்படி மூலநிரலைக் கொடுன்னு கேட்டு வாங்கினாங்க. அதிலிருந்து பிறந்ததுதான் ஓபன்டபிள்யூஆர்டி. பல ஆயிரம் ரூபா சாமான் செய்ற வேலையை வீட்டு டப்பா செஞ்சது. அமெரிக்காவிலிருந்து வந்த நண்பன் சூட்கேஸ்ல வந்த அந்த டப்பா எங்க வீட்ல பத்து வருஷம் உழைச்சது.

2005 ஜனவரியில 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வீட்டுக்குள்ளயும் வெளியிலயும் லைசென்ஸ் இல்லாமப் பயன்படுத்தலாம்னு இந்திய அரசு அறிவிச்சது. அதுக்கப்புறம் வைஃபை பரவுச்சு. பாஸ்வேர்ட் போடுற பழக்கம் மட்டும் பரவலை. 2008 ஜூலையில அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிஷம் முன்னாடி வந்த மின்னஞ்சலைத் தேடிப் போன போலீஸ் நின்ன இடம், நவி மும்பையில சம்பந்தமே இல்லாத ஒருத்தரோட பூட்டாத வைஃபை. அதுக்கப்புறம்தான் வீட்டு வைஃபையைப் பூட்டணும்னு அரசாங்கமே சொல்ல ஆரம்பிச்சது. எங்க அடுக்ககத்துல ஒரே வாரத்துல பன்னிரண்டு வீட்டுக்கு டபிள்யூபிஏ2 போட்டுக் கொடுத்தேன். கூலி, பன்னிரண்டு டம்ளர் காபி.

ஆனா அந்த உள்வீட்டு ராஜ்ஜியம் மெதுவா கைநழுவிப் போச்சு. ஐபிவி4-ல மொத்த முகவரிகள் சுமார் 430 கோடிதான். 2011 பிப்ரவரியில உலக அளவிலான கையிருப்பு தீர்ந்தது, ஏப்ரல்ல ஆசிய-பசிபிக் கையிருப்பும் சாதாரண விநியோகத்துக்கு இல்லைன்னு ஆச்சு. அதுக்கு முன்னாடி நம்ம வீட்டு ரவுட்டருக்குன்னு ஒரு பொது முகவரி கிடைக்கும். இப்போ பல வீடுகளைச் சேர்த்து ஒரே முகவரிக்குப் பின்னாடி உட்கார வெச்சுடறாங்க. உங்க ரவுட்டர்ல வெளிப்பக்க முகவரியைப் பாருங்க. 100.64-லிருந்து 100.127-க்குள்ள ஆரம்பிச்சா நீங்களும் அந்தக் கூட்டுக் குடும்பம்தான். வெளியூரிலிருந்து உங்க வீட்டுக் கேமராவையோ சர்வரையோ நேராத் தொட முடியாது. ஐபிவி6 ஒழுங்கா வந்திருந்தா தப்பிச்சீங்க. ஃபைபர் டப்பாவும் பெரும்பாலும் அவங்க கொடுக்கிறது, அட்மின் பாஸ்வேர்டும் அவங்ககிட்ட. அந்த கடைசி ரெண்டு கிலோமீட்டர் இப்போ வாசலைத் தாண்டி ஹால் வரைக்கும் வந்துடுச்சு.

கண்ணாடி இழையும் கரண்டும்

ஃபைபர் வந்ததும் தூரப் பிரச்சினை போச்சு. ஜிபான் முறையில ஒரு இழை 2.5 ஜிபிபிஎஸ் கொண்டு வரும், அதை 32 அல்லது 64 வீடு பிரிச்சுக்கும், இருபது கிலோமீட்டர் ஆனாலும் கவலை இல்லை. பாதிரியார் மாதிரி அமைதியா வேலை செய்யும், சிவப்பு "லாஸ்" விளக்கு எரியாத வரைக்கும்.

2016 டிசம்பர் 12 வர்தா புயல்ல எங்க தெருவுல ரெண்டு தூங்குமூஞ்சி மரம் சாஞ்சது. மரத்தோட தொங்கிட்டிருந்த அத்தனை கம்பியும் போச்சு. கரண்டு வர நாலு நாள், நெட் வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் எங்க மாடி வீட்டுப் பெரியவரோட பழைய லேண்ட்லைன் மட்டும் பேசிக்கிட்டே இருந்தது. அந்த கேபிள் பூமிக்கடியில போறது. அது மட்டும் இல்லை, செம்புக் கம்பியில எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் கூடவே வரும். வீட்ல கரண்டு இல்லைன்னாலும் போன் வேலை செய்யும். கண்ணாடி இழையில வெளிச்சம் வரும், கரண்டு வராது. டப்பாவுக்கு நாமதான் யூபிஎஸ் வைக்கணும். தெரு முழுக்க அவர் வீட்டு மாடிப்படியில வரிசை கட்டி ஊருக்குப் போன் பண்ணுச்சு. "வாங்க வாங்க, ஆளுக்கு ரெண்டு நிமிஷம்"னு பெரியவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். போன வருஷம் அந்த லைனையும் சரண்டர் பண்ணிட்டார்.

2020 மார்ச்ல ஊரடங்கு வந்தப்போ இது எல்லாத்துக்கும் பரீட்சை நடந்தது. அதுக்கு முன்னாடி கால்சென்டர் மாதிரி வேலைகளை வீட்டிலிருந்து பார்க்கவே தொலைத்தொடர்புத் துறை அனுமதி, பாதுகாப்புத் தொகைன்னு கெடுபிடிகள் இருந்தது. அந்த மார்ச்ல தளர்த்தினாங்க, நவம்பர்ல விதிகளையே எளிமையாக்கினாங்க. எங்க வீட்ல மூணு பேர், மூணு அறை, மூணு மீட்டிங். தங்கமணிக்கு ஆபீஸ், பையனுக்கு ஆன்லைன் வகுப்பு, எனக்கு ஆணி. இழை தாங்குச்சு. அதே நேரத்துல கும்பகோணம் பக்கம் அத்தை தெருவுல பிள்ளைங்க சிக்னலுக்காகத் தண்ணித் தொட்டி மேல ஏறி உட்கார்ந்து பாடம் கேட்டுச்சு.

பிராட்பேண்டுக்கான அரசு வரையறை 2004-ல 256 கேபிபிஎஸ், 2013-ல 512, 2023-ல 2 எம்பிபிஎஸ். நகரத்துல நூறு எம்பிக்குக் குறைஞ்சு யாரும் பேசறதில்லை. வரையறை அத்தை தெருவுக்காக இருக்கிறது.

இப்போ எங்க தெருவுக்கு ஃபைபர் இழுத்துத் தர்றவர் யார் தெரியுமா? அதே கேபிள் அண்ணன்தான். சைக்கிள் போயி ஸ்கூட்டி, கிரிம்பிங் டூல் போயி ஸ்ப்ளைசிங் மிஷின். பெரிய கம்பெனிகளும், ஏன் பிஎஸ்என்எல்லே கூட, இன்னிக்குக் கடைசித் தூரத்துக்கு உள்ளூர் கேபிள்காரங்களோட கூட்டு வெச்சுத்தான் ஃபைபர் தர்றாங்க. 2004-ல காகிதத்துல மூடின கதவை மாடி வழியாப் போனவங்க இருபது வருஷத்துல சுத்தி வந்து திறந்துட்டாங்க. போன மாசம் அவர்கிட்ட கேட்டேன், "அண்ணே, மழையில இன்னும் ஏறுறீங்களா?" "இப்ப பையன் ஏறுறான் சார். நான் கீழேர்ந்து குடை பிடிக்கிறேன்"னார்.

அதனால புது இணைப்பு போடுறவங்க ஸ்பீடு கேட்கிறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. தெருவுக்கு வர்ற இழை மேலேயா, கீழேயா? அறுந்தா வந்து ஏறப்போறவர் யார், அவர் நம்பர் இருக்கா? பொது முகவரி தருவாங்களா, இல்லைன்னா ஐபிவி6 உண்டா? இதுக்குப் பதில் சொல்ற ஆளுகிட்ட 50 எம்பி வாங்குறது, சொல்லாத ஆளுகிட்ட 300 வாங்குறதை விட மேல்.

உங்க தெருவுக்கு முதல்ல வந்த கம்பி யாரோடது? உங்க வீட்டு எக்ஸ்சேஞ்ச் எத்தனை கிலோமீட்டர்? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா. முக்கியமா, கம்பி எட்டாத ஊர்க்காரங்க சொல்லுங்க. உங்க கதை எந்தப் புள்ளிவிவரத்துலயும் வராது.

டிஸ்கி: மேல சொன்ன எந்தக் கம்பெனியிலயும் நான் வேலை பார்க்கலை. கேபிள் அண்ணன் எனக்குத் தள்ளுபடியும் தர்றதில்லை.